மேசை ரிக்: மழையும் மலையும் சூழ்ந்த ஊரில் ஐசி-7300 வாங்கி, நிறுத்தி, ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

செங்கோட்டைக்கு மேற்கே மழை இறங்கினால் எங்கள் தெருவில் முதலில் போவது கரண்ட். கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போய்விடும். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புனலூரோடு அப்போது பேச மிச்சம் இருப்பது மேசை மேல் உட்கார்ந்திருக்கும் நாலு கிலோ பெட்டி ஒன்றுதான்: உரிமம் பெற்றவர்கள் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் ஹாம் (அமெச்சூர்) ரேடியோ, எங்கள் பேச்சில் ‘ரிக்’.

இந்த எல்லைப் பக்கத்தில் ஐகாம் ஐசி-7300 வைத்திருப்பவர்கள் எனக்குப் பழக்கமாக நாலு பேர். நான், கடையநல்லூரில் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர், புனலூரில் ஒரு மலையாளி சேட்டன், போடிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதும் தம்பி ஒருவன். நாலு பேருமே வாங்கிய புதிதில் ரிக்கைத் திட்டித் தீர்த்தோம். ‘கேக்கவே மாட்டேங்குது’, ‘பேசும்போதே அணைஞ்சு போகுது’, ‘ஒரே இரைச்சல்’. ஒவ்வொன்றையும் துருவிப் பார்த்தபோது முக்கால்வாசிக் குறை பெட்டிக்கு வெளியே இருந்தது: வயரில், பேட்டரியில், மண்ணில், பக்கத்து வீட்டு எல்இடி பல்பில். அதனால்தான் இதில் பட்டன்களைப் பற்றிக் குறைவாகவும் மற்றதைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

முதல் படி: காகிதம்

பெட்டிக்கு முன்னால் உரிமம். 1933ஆம் ஆண்டின் இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே, உரிமம் இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், பேசினால்தான் என்றில்லை. 12 வயது நிறைந்தவர்கள் ஏஎஸ்ஓசி (அமெச்சூர் நிலையம் இயக்குவோர் சான்றிதழ்) தேர்வு எழுதலாம். தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவுதான் இதைப் பார்க்கிறது. விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையவாசல் வழியாக. மோர்ஸ் (புள்ளியும் கோடுமான தந்தி மொழி) படிக்கப் பொறுமை இல்லை என்றால் ரெஸ்டிரிக்டட் கிரேடு, நிமிடத்துக்கு 8 சொல் மோர்ஸ் தேறினால் ஜெனரல் கிரேடு. அழைப்புக்குறி முறையே வியூ3, வியூ2 என்று தொடங்கும்.

வியூ3 ஆட்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ரிக் 100 வாட் வரை தரும். உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் பவர் வரம்பைப் பார்த்துவிட்டு, மல்டி குமிழியை ஒரு அழுத்து அழுத்தி, வரும் ஆர்எஃப் பவரை அதற்குக் கீழே இறக்கிவையுங்கள். மூட்டையில் கட்டி ஆரியங்காவுப் பக்கம் எடுத்துப்போகும்போது உரிம நகல் ஒன்று பையில் இருக்கட்டும். புளியரை சோதனைச் சாவடியில் ஒருமுறை பையைத் திறந்து காட்ட வேண்டி வந்தது. காகிதத்தைக் காட்டினேன், “ஓ, ஹாமா?” என்றதோடு முடிந்தது.

இரண்டாம் படி: வாங்குவது

7300 சந்தைக்கு வந்தது 2016இல். பழைய ரிக்குகள் ஆன்டெனாவில் வருவதை இடைநிலை அலைவரிசை ஒன்றுக்கு இறக்கி, படிப்படியாகச் சலித்துக் காதுக்குக் கொண்டுவரும். இது ஆன்டெனாவில் வருவதை நேரடியாக எண்ணாக மாற்றி, மீதி வேலையைக் கணக்காகச் செய்கிறது. அதன் கண்கூடான லாபம் 4.3 அங்குலத் தொடுதிரையில் ஓடும் ஸ்கோப். பேண்டில், அதாவது ஹாம்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைப் பட்டையில், யார் எங்கே பேசுகிறார்கள் என்று பார்த்து, விரலை வைத்தால் அங்கே போய் நிற்கும். ஸ்கோப்புக்குக் கீழே வழியும் வண்ணப் பட்டைக்கு வாட்டர்ஃபால் என்று பேர். குற்றாலத்துக்குப் பத்து நிமிடத் தொலைவில் இருந்துகொண்டு அந்தப் பேரைச் சொல்ல எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய குறைகள் கொஞ்சம். 144 மெகாஹெர்ட்ஸ் இதில் கிடையாது. எச்எஃப் எனும் சிற்றலையும் 50 மெகாஹெர்ட்ஸும் மட்டும். பின்பக்கம் ஆன்டெனா வாய் ஒன்றே ஒன்று, ஆகவே இரண்டு ஆன்டெனா வைத்தால் வெளியே ஒரு சுவிட்ச் வேண்டும். ஆன்டெனாவை ரிக்கோடு பொருத்திவைக்க உள்ளே இருக்கும் டியூனர் 16.7 முதல் 150 ஓம் வரை, அதாவது எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1 என்றால் கச்சிதம்) 3க்குள் இருந்தால்தான் இழுக்கும்.

பழையதாக வாங்குகிறீர்கள் என்றால் ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டிச் சோதிக்கும் டம்மி லோடு ஒன்றையும் மல்டிமீட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பேண்டிலும் எஃப்எம்மில் வைத்து, வாய் திறக்காமல் மைக்கைப் பத்து விநாடி அழுத்துங்கள். முழுப் பவர் சீராக நிற்கிறதா, இல்லை ஏறி இறங்கித் தள்ளாடுகிறதா என்று மீட்டரைப் பாருங்கள். திரையின் நாலு மூலையையும் தொட்டுப் பாருங்கள். விசிறி சுற்றும்போது கரகரப்பு இருக்கக் கூடாது. யூஎஸ்பி வாயில் கேபிளைச் செருகி லேப்டாப் அதை அடையாளம் காண்கிறதா என்று பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள். சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, விற்பவரின் உரிம விவரத்தோடு எழுத்தில் வாங்குங்கள்.

கடையநல்லூர் சார் இதெல்லாம் பார்த்துத்தான் வாங்கினார். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மேல் மூடியின் திருகுகளைக் கழற்றியபோது, விசிறிக்குப் பக்கத்தில் அரிசி நொய்யைக் கொட்டினது போல வெள்ளையாக ஒரு குவியல். எறும்பு முட்டை. வெதுவெதுப்பும் இருட்டும் சேர்ந்த இடம், மழைக்காலத்தில் எறும்புக்கு இதைவிட என்ன வேண்டும்? பெயின்ட் பிரஷ்ஷால் கூட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவைத்த பிறகு ரிக் ஒழுங்காகவே வேலை செய்தது. அதிலிருந்து அவர் மேசையின் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கின்றன, அந்தக் காலத்துப் பலகார அலமாரி மாதிரி.

மூன்றாம் படி: இடம்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சாரல் காலத்தில் அந்தச் சுவர் ஊறும். பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், விசிறிக்கு மூச்சு வேண்டும். சூடு ஆறிய பிறகே துணி போட்டு மூடுங்கள். ஆன்டெனா கேபிள் உள்ளே வரும் ஜன்னல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஏன் என்பது ஆறாம் படியில்.

நான்காம் படி: கரண்ட்

எனக்கு அதிகம் பாடம் சொன்னது இந்தப் படிதான்.

ரிக்குக்கு வேண்டியது 13.8 வோல்ட் டிசி. முழுப் பவரில் பேசும்போது 21 ஆம்பியர் வரை இழுக்கும். கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஒரு ஆம்பியர் சொச்சம். 30 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்று வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய மாடல் என்றால் கனம், சூடு, ஆனால் சத்தம் போடாது. எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் வகை) என்றால் எடை குறைவு, ஆனால் மலிவானவை ரேடியோவுக்குள் இரைச்சலைக் கக்கும். நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்று. 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பேண்டில் ஸ்கோப்பைத் திறந்தால் ஏறக்குறைய 60 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக, வேலிக்கல் நட்டது மாதிரி வரிசையாக முட்டுகள். அதை லேப்டாப் மேசைக்கு மின்விசிறி ஓட்டத் தள்ளிவிட்டு, வேறு வாங்கினேன்.

அடுத்து பேட்டரி. எங்கள் ஊரில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. மழை நாளில் கரண்ட் போனால் அந்த டியூபுலர் பேட்டரியிலேயே ரிக்கை ஓட்டலாமே என்று தோன்றியது. பேட்டரி இருக்கும் மூலையிலிருந்து மேசைக்கு நாலு மீட்டர். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்து மாட்டினேன். கேட்கும்போது கச்சிதம். மைக்கை அழுத்தி “சிக்யூ” (யாராவது இருக்கிறீர்களா என்னும் பொது அழைப்பு) என்று வாயெடுத்தால் திரை இருண்டு, ரிக் அணைந்து, மறுபடி முளைக்கும். மூன்று முறை இதே கதை. பெட்டியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, விற்றவருக்குப் போன் போட இருந்தேன்.

போடுமுன் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி முனையில் 12.5 வோல்ட். பவரைப் பாதியாகக் குறைத்து அழுத்தினால் பேட்டரி முனையில் 12.3, ரிக் முனையில் 11.6. வித்தியாசம் அத்தனையும் வயரில் போகிறது. கணக்கு எளிது. 2.5 சதுர மி.மீ. செம்பு வயருக்கு மீட்டருக்கு 7.4 மில்லி ஓம். போக நாலு, வர நாலு, ஆக எட்டு மீட்டர், கிட்டத்தட்ட 60 மில்லி ஓம். 20 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் வழியிலேயே காலி. ரிக் ஏற்கும் வரம்பு 13.8க்கு 15 சதவீதம் மேலே, கீழே. கீழ் எல்லை ஏறக்குறைய 11.7. முழுப் பவரில் எனக்கு 11 கூட வந்து சேர்ந்திருக்காது. அணையாமல் என்ன செய்யும்?

10 சதுர மி.மீ. வயர் போட்டேன். இழப்பு 0.3 வோல்ட்டாக இறங்கியது. அன்றிலிருந்து ஒருமுறைகூட அணையவில்லை. மீட்டரே இல்லாவிட்டாலும் பரவாயில்லை: திரையில் மீட்டர் பகுதியைத் தொட்டுக்கொண்டே போனால் விடி என்று ஒன்று வரும், ரிக்குக்கு வந்துசேரும் வோல்ட்டேஜ் அது. பேசும்போது அது எவ்வளவு தாழ்கிறது என்று முதல் நாளே பார்த்து எழுதிவையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சில இன்வெர்ட்டர்கள் இரண்டு பேட்டரியில் ஓடும் 24 வோல்ட் வகை. அதன் இரு முனையில் ரிக்கை மாட்டினால் முடிந்தது கதை. இன்னொன்று, பேட்டரி முனையிலேயே, ஒரு சாணுக்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். ரிக்கோடு வரும் கேபிளில் இருக்கும் ஃபியூஸ் ரிக்கைக் காக்கும், நீங்கள் இழுத்த நீள வயரைக் காக்காது. வழியில் எங்காவது எலி கடித்து இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டால், அந்தப் பேட்டரி தரும் கரண்ட்டில் வயர் அடுப்புக் கம்பியாகிவிடும்.

ஐந்தாம் படி: ஆன்டெனா

ஆரம்பிப்பவருக்கு 40 மீட்டர் பேண்டுக்கான டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேர்ந்து இரு பக்கமும் சம நீளத்தில் நீளும் வயர். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மொத்த நீளம் மீட்டரில் வேண்டுமென்றால் 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள். நம் நாட்டில் இந்த பேண்ட் 7.0 முதல் 7.2 வரை. 7.1க்கு 20.1 மீட்டர், ஒரு பக்கத்துக்குப் பத்து மீட்டர் சொச்சம். முதலில் பக்கத்துக்கு 10.4 மீட்டராக வெட்டிக் கட்டுங்கள். எஸ்டபிள்யூஆர் எங்கே குறைகிறது என்று பார்த்து, இரு முனையிலும் சமமாகக் குறையுங்கள். பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் குறைத்தால் சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறும். பிளாஸ்டிக் உறை போட்ட வயர் என்றால் கணக்கைவிடக் கொஞ்சம் குட்டையாகவே முடியும், அதனால் பயந்து நிறுத்த வேண்டாம். வெட்டி எறியாமல் முனையை மடித்து முறுக்கிவிடுங்கள், மறுபடி நீட்ட வேண்டி வரும். இதே வயர் மூன்று மடங்கு அலைவரிசையில், அதாவது 21 மெகாஹெர்ட்ஸிலும், டியூனரின் துணையோடு வேலை செய்யும். ஒரு செலவில் இரண்டு பேண்ட்.

உயரம் எவ்வளவு? தூர தேசம் வேண்டுமென்றால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஆனால் மலை தாண்டிப் பேச மொட்டை மாடிக் குழாயின் எட்டு, பத்து மீட்டர் போதும், சொல்லப்போனால் அதுதான் நல்லது. தாழ்ந்த டைபோல் அலையைப் பெரும்பாலும் நெட்டுக்குத்தாக மேலே அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்தது போலச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். புனலூர் இங்கிருந்து காக்கை பறக்கும் தூரத்தில் நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் கையடக்க விஎச்எஃப் செட்டில் மலை மறித்துவிடும், ஒரு சொல் போகாது. 7 மெகாஹெர்ட்ஸில் பகலில் பக்கத்து அறையில் இருப்பவர் போலக் கேட்கும். இரவு முற்றினால் இதே பேண்டில் பக்கத்து ஊர் மங்கி, தூரத்து ஊர் ஏறும், அப்போது 3.5க்கு இறங்க வேண்டும்.

மலை இன்னொரு விதத்திலும் விளையாடும். என் வீட்டுக்கு மேற்கே அடிவானம் இல்லை, சுவர்தான். தாழ்வாக மேற்கு நோக்கிப் போக வேண்டிய அலைக்கு அது தடை. கிழக்கே திறந்த சமவெளி, அதனால் ஜப்பானும் இந்தோனேசியாவும் எனக்குச் சுலபம், ஆப்பிரிக்கா சிரமம். புனலூர் சேட்டனுக்குத் தலைகீழ். ஒரே ரிக், ஒரே வயர், நடுவில் ஒரு மலை. ரிக் சரியில்லை என்று இருவருமே ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம், ஆளுக்கொரு திசையைக் காட்டி.

இனி கட்டும் விதம். எனக்கு வயரின் இரு முனைக்கும் தென்னைதான் கிடைத்தது. காய் வெட்ட வருகிறவரையே கூப்பிட்டேன். மேலே பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கட்டிருதேன் அண்ணாச்சி. ஆனா ஆனி ஆடிக் காத்துல மரம் ஆடும்லா, கம்பி அந்துரும்.”

“அப்ப என்ன செய்ய?”

“கெணத்து ராட்டினம் ஒண்ணு கட்டித் தாரேன். கயித்து முனையில கல்லத் தொங்கவிடுங்க. மரம் சாஞ்சா கல்லு ஏறும், நிமுந்தா எறங்கும். கம்பிக்கு ஒண்ணும் ஆவாது.”

எத்தனையோ வரைபடம் பார்த்தும் எனக்கு உறைக்காததை இரண்டு வரியில் சொல்லிவிட்டார். கல்லுக்குப் பதில் மணல் அடைத்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் போட்டேன். கணவாய் வழியாகக் காற்று கொட்டும் நாளில் அந்த பாட்டில் ஒரு முழம் ஏறி இறங்குவதை ஜன்னலிலிருந்து பார்க்கலாம். வயர் அப்படியே நிற்கிறது. மின்வாரியக் கம்பி போகும் பக்கம் மட்டும் எந்த முனையையும் கட்டாதீர்கள். அறுந்தால் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் மரம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டைபோல் நடுவில், கேபிள் சேரும் இடத்தில், ஒன்றுக்கு ஒன்று பேலன் வேண்டும், கேபிளின் வெளியுறையில் கரண்ட் ஓடாமல் தடுப்பது அது. கடையில் வாங்கலாம், இல்லையென்றால் 31ஆம் கலவை ஃபெரைட் வளையம், 240 அளவு, அதில் ஆர்ஜி-58 கேபிளைப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் போதும். போடாமல் விட்டால் கேபிளின் வெளியுறையும் ஆன்டெனாவாகி, வீட்டு இரைச்சலை எல்லாம் உள்ளே கொண்டுவரும், உங்கள் பவரை வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டும். பேலன் போட்டால் பலன் உண்டு என்று கடையநல்லூர் சார் மாதம் ஒருமுறையாவது சொல்லுவார், நாங்களும் சிரித்துவைப்போம். கேபிள் 15 மீட்டருக்கு மேல் என்றால் தடித்த ஆர்ஜி-213 போடுங்கள்.

வெளியில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பையும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் இழுத்துச் சுற்றி, மேலே சாதாரண டேப். கேபிள் ஜன்னலுக்குள் நுழையுமுன் கீழே ஒரு வளைவு தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். சாரல் நாளில் மட்டும் எஸ்டபிள்யூஆர் ஏறி, வெயில் வந்தால் சரியாகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்: மேல் கனெக்டரைத் திறங்கள், செம்பு பச்சை பூத்திருக்கும்.

போடித் தம்பியின் கதை வேறு. தோட்டத்து வீட்டில் டைபோலுக்கு இடமில்லை என்று, கிடைத்த நீளத்தில் ஒரு வயரை மரத்தில் வீசிவிட்டு, டியூனர் இழுக்கவில்லை என்று புலம்பினான். இழுக்காதுதான். எஸ்டபிள்யூஆர் பத்துக்கு மேல் இருக்கும் கண்ட வயரை இந்த உள் டியூனர் ஏற்காது. 49க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சுற்றிக்கொண்டு, 20 மீட்டர் வயரை ஒரு முனையிலிருந்து ஊட்டினான். 7, 14, 21, 28 நாலும் வந்துவிட்டன.

ஆறாம் படி: இடி

ஐப்பசி கார்த்திகையில் ஒரு தடவை, சித்திரையில் கோடை மழையோடு இன்னொரு தடவை, எங்கள் பக்கம் இடி ஆட்டம் போடும். விதி ஒன்றுதான்: ரிக்கை விட்டு எழுந்தால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடு. வானம் தெளிவாக இருந்தாலும் போடு. பழைய ஹாம்கள் சிலர் கேபிள் முனையைக் கண்ணாடி பாட்டிலுக்குள் வைப்பார்கள். மேகத்திலிருந்து மண்ணுக்குக் கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்து வருவதற்குக் கால் அங்குலக் கண்ணாடி ஒரு பொருட்டா?

எர்த்துக்கு ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து ஆறடிச் செம்புக் கம்பி ஒன்றை இறக்குங்கள். அதை வீட்டு எர்த்தோடு தடித்த கம்பியால் இணைக்க வேண்டும், எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். இரண்டு எர்த் தனித்தனியாக நின்றால் இடி நேரத்தில் இரண்டுக்கும் நடுவே உங்கள் ரிக்தான் பாலமாகும்.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கார்த்திகை மாலை, தூரத்தில் உறுமல் கேட்டதும் ஆன்டெனா கேபிளைக் கழற்றினேன், பவர் பிளக்கைப் பிடுங்கினேன், பெருமையாகக் காபி குடிக்கப் போனேன். யூஎஸ்பி கேபிளை மறந்துவிட்டேன். ரிக் லேப்டாப்போடு, லேப்டாப் மோடத்தோடு, மோடம் தெருக்கம்பியில் வரும் இணையக் கேபிளோடு. எங்கோ விழுந்த இடி அந்த வழியாக வந்து மோடத்தையும், லேப்டாப்பின் ஒரு வாயையும், ரிக்கின் யூஎஸ்பி வாயையும் தின்றுவிட்டுப் போனது. ரிக் பேசியது, கேட்டது, கணினியோடு மட்டும் உறவு அறுந்துபோனது. பழுது பார்த்து வர மூன்று மாதம். ஆகவே கழற்ற வேண்டியவை மூன்று: ஆன்டெனா, கரண்ட், யூஎஸ்பி.

ஏழாம் படி: இரைச்சல் வேட்டை

ரிக்கை பேட்டரியில் ஓட்டி, 7.1இல் வைத்து, சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். எனக்கு எஸ்7இலிருந்து எஸ்3க்கு விழுந்தது. அதாவது பாதிக்கு மேற்பட்ட எதிரி வீட்டுக்குள்ளேயே. பிறகு ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்து, எதில் ஏறுகிறது என்று பாருங்கள். எனக்கு மாட்டியவை சமையலறை எல்இடி டியூப் ஒன்று, செட்டாப் பாக்ஸின் அடாப்டர், சார்ஜில் கிடந்த கொசு பேட். முதலிரண்டை மாற்றினேன், கொசு பேட்டுக்கு நேரம் ஒதுக்கினேன்.

மெயினை அணைத்தும் ‘டிக்… டிக்… டிக்’ என்று விநாடிக்கு ஒன்றாக வந்தால், அது பன்றிக்கும் யானைக்கும் காட்டோரத் தோப்புகளில் போட்டிருக்கும் சோலார் வேலி. அதை அணைக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. என்பி (நாய்ஸ் பிளாங்கர்) பட்டனை அழுத்துங்கள். இந்த மாதிரித் துடிப்புச் சத்தத்துக்கென்றே வைத்தது. சீரான ‘உஸ்’ஸுக்கு என்ஆர் (நாய்ஸ் ரிடக்‌ஷன்). அதை மூன்று, நாலுக்கு மேல் ஏற்றினால் பேசுகிறவர் குடத்துக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும்.

திரையில் ஓவிஎஃப் என்று சிவப்பாக வருகிறதா? பலமான சிக்னலில் ரிக் திணறுகிறது என்று அர்த்தம். சேட்டனுக்குப் பக்கத்திலேயே பெரிய பவரில் பேசும் இன்னொரு ஹாம் இருப்பதால் அடிக்கடி வரும். சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப்பை அணையுங்கள், போதாவிட்டால் ஆர்எஃப் கெயினைக் குறையுங்கள், இல்லையா சிக்னலைத் தணிக்கும் ஏடிடி போடுங்கள். 40 மீட்டரில் பிரீஆம்ப் எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

நம் பக்கமிருந்து போகும் தொல்லையும் உண்டு. ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலாக எட்டிப் பார்த்து, “ஏ தம்பி, நீ பேசுதது எங்க வீட்டு ஸ்பீக்கர்ல கொரகொரன்னு கேக்கு. என்ன பாஷை அது?” என்றார். அவர்கள் ஸ்பீக்கர் வயரில் ஃபெரைட் கவ்விகள் இரண்டு மாட்டியதும் நின்றது. என் செலவில் மாட்டினேன். பத்து வருட அண்டை உறவை எந்த ரிக்கும் திருப்பித் தராது.

எட்டாம் படி: குரல்

மல்டி குமிழியை அழுத்தி மைக் கெயினை ஐம்பதில் தொடங்குங்கள். மீட்டரை ஏஎல்சிக்கு (குரல் அளவு மீறாமல் ரிக் தானே கட்டுப்படுத்தும் அளவு) மாற்றி, வழக்கமான குரலில் பேசுங்கள். உச்சத்தில் மீட்டர் கோடு குறித்த எல்லைக்குள் நிற்க வேண்டும், தாண்டினால் குறையுங்கள். குரலை அழுத்திப் பலமாக்கும் காம்ப் வேண்டுமென்றால் கொஞ்சம். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். டியூன் செய்யும்போது பவரைப் பத்து வாட்டுக்கு இறக்கி, அந்த இடத்தில் யாரும் பேசவில்லை என்று கேட்டுவிட்டு, டியூனர் பட்டனை ஒரு விநாடி அழுத்திப் பிடியுங்கள். இதைச் செய்யாமல் அடுத்தவர் பேச்சின் மேல் விசில் ஊதுகிறவர்கள் காலையில் 40 மீட்டரில் தினம் ஒருவராவது உண்டு.

ஒன்பதாம் படி: கணினியோடு எஃப்டி8

2017இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் கொண்டுவந்த இந்த முறை, குரலுக்குப் பதில் கணினி வழியே சிறு செய்திகளை மாற்றிக்கொள்வது. காதுக்கே எட்டாத சிக்னலையும் பிடித்துவிடும். மலைச் சுவருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வரப்பிரசாதம். சிலர் இதைப் பேச்சே இல்லாத ஊமை விளையாட்டு என்பார்கள். எனக்கு இரண்டும் வேண்டும்.

கேபிளைச் செருகுமுன் டிரைவரை நிறுவுங்கள், வரிசை மாறினால் தலைவலி. ரிக்கில் மெனு, செட், கனெக்டர்ஸ் என்று போய் டேட்டா மாட் என்பதை யூஎஸ்பி என்று மாற்றுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் ‘பவர் வரவில்லை’ என்று முக்கால்வாசிப் பேர் கேட்கிறார்கள். மோடு யூஎஸ்பி-டி (இந்த யூஎஸ்பி கேபிள் அல்ல, அப்பர் சைட்பேண்ட்), அலைவரிசை 7.074 அல்லது 14.074. மென்பொருளில் ரிக் பெயராக 7300ஐயும், ஒலிக்கு யூஎஸ்பி ஆடியோ கோடெக்கையும் தேர்ந்தெடுங்கள். கணினியின் ஒலி அளவைக் கூட்டிக்கொண்டே போய், ஏஎல்சி மீட்டர் அசையத் தொடங்கியதும் ஒரு படி இறக்குங்கள். கணினிக் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்கட்டும், இரண்டு மூன்று விநாடி பிசகினால் யாரும் பதில் தர மாட்டார்கள். இருப்பிடக் கட்டத்தை (உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஹாம்கள் வைத்திருக்கும் குறியீடு) உங்கள் ஊருக்குச் சரியாகப் போடுங்கள். செங்கோட்டை எம்ஜே88, ஆனால் வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் கடையநல்லூர் எம்ஜே89. 9 டிகிரி அட்சக்கோடு நடுவில் போகிறது.

இந்த முறையில் 15 விநாடிச் சுற்றில் 12.6 விநாடி தொடர்ந்து முழுப் பவர் ஓடும். சித்திரை வெயிலில் 100 வாட் வைத்தால் விசிறி அலறும். நான் 40க்கு மேல் போவதில்லை, அதிலேயே பிரேசில் வந்திருக்கிறது.

பராமரிப்பு

வாரத்துக்கு இரண்டு நாளாவது ஒரு மணி நேரம் போட்டுவையுங்கள், உள்சூடே ஈரத்தை விரட்டும். எஸ்டி கார்டில் செட்டிங்குகளைச் சேமித்து, கார்டைக் கழற்றித் தனியே வையுங்கள். ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை மாடியேறி டேப், ராட்டினம், கயிறு மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். கயிறு வெயிலில் பொடிந்திருந்தால் விரலில் மாவு ஒட்டும்.

போன வாரம் கரண்ட் போன ஒரு மாலை. பேட்டரியில் ரிக், விடி மீட்டரில் 12.1, ஜன்னலுக்கு வெளியே பாட்டில் அசையாமல் தொங்குகிறது. 7.1க்குப் பக்கத்தில் சேட்டன் வந்தார்.

“அவிடெ மழ உண்டோ?”

“இன்னும் இல்ல சேட்டா. உங்க பக்கமிருந்துதானே வரணும்.”

“இவிடெ துடங்ஙி. இடியும் உண்டு. ஞான் ஊரட்டே?” என்றார். கழற்றப் போகிறார் என்று அர்த்தம்.

73 (ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் வாழ்த்து) சொல்லி நானும் ரிக்கை அணைத்தேன். கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டேன். பேட்டரி வயரை உருவினேன். எழுந்து இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, யூஎஸ்பியையும் பிடுங்கினேன்.